விக்டோரியா ஹாலில் உட்காரும் நூறு பேருக்கு

கோவை மாநகராட்சியின் மதிப்பிற்குரிய மாமன்ற உறுப்பினர்களே,

உக்கடத்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்துப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், சீர் அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் அன்றாட வேலை. உள்ளாட்சித் தேர்தல் வந்தால் மட்டும் ராத்திரியிலும் மெஷின் ஓடும். உங்களில் சிலருடைய முகத்தை வாக்காளர்கள் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் பார்த்திருக்கிறேன், அதுவும் பெரிதாக்கி, கருவளையத்தைக் கொஞ்சம் குறைத்து. எல்லாக் கட்சிக்கும் நோட்டீஸ் அடித்தவன் என்பதால் எனக்கென்று கட்சி கிடையாது. ஆகவே இந்த மடலில் யாரையும் தாக்கவில்லை, யாருக்கும் ஓட்டுக் கேட்கவும் இல்லை. நீங்கள் கூட்டம் போடுகிற மண்டபத்தை எழுப்பிய மனிதரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, அதை வைத்து உங்களிடம் சிலது கேட்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

டவுன்ஹாலில் மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டி நிற்கிற விக்டோரியா ஹால் 1892-ல் வந்தது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 1887-ல் ஐம்பது வருஷம் நிறைந்ததையொட்டி ஊர் ஊராக நினைவுக் கட்டடம் எழுப்பிய காலம் அது. கோவையில் அந்த வேலையை முன்னின்று முடித்தவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. கட்டடத்துக்கு ராணியின் பெயர் போய்விட்டது, பஸ் நிறுத்தத்துக்கு ‘டவுன்ஹால்’ என்ற பெயர் போய்விட்டது, மனுஷன் பெயர் மட்டும் எங்கேயோ நின்றுவிட்டது. பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்து உக்கடத்தில் இறங்கி டவுன்ஹாலுக்கு நடக்கிற கூட்டத்தில் பத்துப் பேரை நிறுத்தி நரசிம்மலு நாயுடு யாருங்க என்று கேட்டுப் பாருங்கள். நரசிம்மநாயக்கன்பாளையத்துக்கு வழி சொல்லுவார்கள்.

அவர் வியாபாரி, அரசியல்காரர், பத்திரிகைக்காரர். மூன்றும் ஒரே ஆள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் நூறு பேரில் துணிக்கடை வைத்திருப்பவர் உண்டு, மனை வாங்கி விற்பவர் உண்டு, ஓட்டல்காரர், ஒர்க்‌ஷாப்காரர், ஒப்பந்த வேலை எடுப்பவர் எல்லோரும் உண்டு. ‘வியாபாரிக்கு எதுக்குங்க அரசியல், சம்பாதிக்கத்தானே வர்றாங்க’ என்று டீக்கடையில் பேசிக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சில் முழு உடன்பாடு இல்லை. இந்த ஊரின் பொதுவாழ்க்கையையே தொடங்கி வைத்தவர்கள் தொழில் செய்தவர்கள்தான். எப்படிச் செய்தார்கள், என்ன மிச்சம் வைத்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

நாயுடு பிறந்தது 1854-ல். சேலத்துக்காரர், அதுதான் அவர் பெயருக்கு முன்னால் நிற்கிற ‘சே’. இளவயதில் அங்கேயே பத்திரிகை நடத்திப் பார்த்தார். காலம் எப்படிப்பட்டது என்றால், 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தது. சேலமும் கோவையும் பலமாக அடிபட்ட ஜில்லாக்கள். ஊரே சோற்றுக்கு அலைகிற நேரத்தில் ஒரு வாலிபன் எழுத்துக்கோத்து, மை தடவி, பேப்பர் போட்டு விற்க நினைத்தான் என்றால் அவனுக்கு லாபக் கணக்கு மட்டும் தெரிந்திருக்க நியாயமில்லை. எழுபதுகளின் முடிவில் கோவைக்கு வந்து ‘கோயமுத்தூர் அபிமானி’ நடத்தினார். 1881-ல் ‘கோயமுத்தூர் கலாநிதி’ தொடங்கினார். அதோடு அச்சுக்கூடமும் வைத்தார். சென்னையில் 1878-ல் பிறந்திருந்த ‘தி ஹிந்து’வுக்கு இங்கிருந்து செய்தி எழுதி அனுப்பும் நிருபராகவும் இருந்தார்.

இதில் ஒரு தொழில்காரனாக நான் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன், மன்னிக்கணும். இன்றைக்கு நாம் கம்ப்யூட்டரில் தட்டி, பிளேட் போட்டு, அரை மணியில் ஆயிரம் பிரதி எடுக்கிறோம். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் ஈயம். கம்பாசிட்டர் நின்றுகொண்டே எழுத்துப் பெட்டியின் அறைகளில் கைவிட்டு ‘க’வையும் ‘கு’வையும் தேடி எடுத்து ஸ்டிக்கில் கோர்ப்பார். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்தோடு வேலை முடியும். தமிழுக்கு உயிர்மெய் எல்லாம் சேர்த்துப் பெட்டி இரண்டு ஆள் அகலம் இருக்கும். ஒரு பக்கம் கோர்க்க ஒரு பொழுது போகும். அடித்து முடித்ததும் எழுத்தையெல்லாம் கலைத்துத் திரும்ப அறை அறையாகப் போட்டால்தான் அடுத்த பக்கம். எங்கள் தெருவில் தொண்ணூறுகள் வரைக்கும் இப்படித்தான் டிரெடில் ஓடியது. அப்படி உழைத்து நகரசபை விவகாரத்தை அச்சேற்றுகிறவன் அதைச் சும்மா பொழுதுபோக்குக்கு எழுதமாட்டான். வார்த்தைக்கு வார்த்தை கூலி இருந்தது.

அடுத்து 1885. காங்கிரஸின் முதல் மாநாடு புனேயில் நடப்பதாக இருந்தது. அங்கே காலரா வந்துவிட்டதால் பம்பாய்க்கு மாற்றி, டிசம்பர் கடைசியில் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் கூடினார்கள். வந்தது 72 பிரதிநிதிகள். அதில் ஒருவர் கோவையிலிருந்து போன நாயுடு. அன்றைக்கு அவருக்கு வயது முப்பத்தொன்று. முதல் தீர்மானத்தை முன்மொழிந்தது தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான ஜி. சுப்பிரமணிய ஐயர், அவரும் பத்திரிகைக்காரர்தான். படைச் செலவைக் குறை, சட்டசபைகளை விரிவாக்கு, ஐ.சி.எஸ். தேர்வை இங்கேயும் நடத்து என்பவை அந்த மாநாட்டின் கோரிக்கைகள். இன்றைய கண்ணுக்குச் சாதுவாகத் தெரியும். ஆனால் நகரம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படுகிற அளவில் இருந்த ஓர் ஊரிலிருந்து ஒருவர் கிளம்பி, போத்தனூர், அரக்கோணம், ராய்ச்சூர் என்று ரயில் மாறிப் பம்பாய் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது சின்ன விஷயமில்லை. 1901 கணக்கெடுப்பிலேயே கோவையின் ஜனத்தொகை 53,080-தான்.

போனவர் மாநாட்டோடு திரும்பவில்லை. வடநாட்டு ஊர்களையும் தலங்களையும் சுற்றி, பார்த்ததையெல்லாம் குறித்து, ‘ஆரியர் திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்’ என்று 1889-ல் தடிமனான புத்தகமாகப் போட்டார். தமிழில் பயண நூல் என்று பேசுகிறவர்கள் தொடக்கத்தில் வைக்கிற நூல்களில் ஒன்று அது. வேடிக்கை என்னவென்றால் மனிதர் பிரம்ம சமாஜக்காரர். உருவ வழிபாட்டை ஏற்காத கூட்டத்தைச் சேர்ந்தவர் கோயில் கோயிலாகப் போய் எழுதியிருக்கிறார். நம்பிக்கை வேறு, ஊரைத் தெரிந்துகொள்வது வேறு என்று பிரித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. இன்றைக்கு அந்தப் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

தொழிலுக்கு வருவோம். 1888-ல் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் தொடங்கியது. அதில் முன்நின்றவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். லண்டனில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கு வந்து காப்பித் தொழிலில் காலூன்றியவர். 1866-ல் நகராட்சி அமைந்தபோது அதன் முதல் தலைவர் என்று சொல்லப்படுகிறவரும் அவரே. ஜனங்கள் மில்லை ஸ்டேன்ஸ் மில் என்றே கூப்பிட்டார்கள். அந்த மில் முயற்சியில் நம்மூர்க்காரர்கள் தரப்பில் தோள் கொடுத்தவர்களில் நாயுடுவும் ஒருவர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பைக்காரா மின்சாரம் வந்தது 1930-களில்தான், அதற்கு முன்னால் கொதிகலனில் விறகையோ கரியையோ போட்டு ஆவியில் மில் ஓட்ட வேண்டும். கரிசல் மண்ணும் கம்போடியாப் பருத்தியும் காற்றின் ஈரமும் சேர்ந்து கோவையைத் தென்னாட்டு மான்செஸ்டர் ஆக்கியது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தப் பெயர் வருவதற்கு நாற்பது வருஷம் முன்னால், ஓடுமா ஓடாதா என்று தெரியாத ஒன்றில் கையில் இருந்த பணத்தைப் போட்டவர்கள் இவர்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நாயுடுவைப் பணக்காரர் பட்டியலில் ஒருவராக வைத்துவிட்டுப் போயிருப்பேன். உங்களுக்கு மடல் எழுதவும் வேண்டியிருக்காது. எழுத வைத்தது தண்ணீர்.

பழைய கோவையின் தண்ணீர்க் கஷ்டம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். வெட்டினால் தண்ணீர் வரும், வாயில் வைக்க முடியாது. உப்புத்தண்ணி, சப்பைத்தண்ணி என்று அதற்கு நம் பக்கத்தில் தனித்தனிப் பெயரே உண்டு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நொய்யலில் மழைக்காலத்துக்குத்தான் ஓட்டம். அதுவும் அணைக்கட்டு அணைக்கட்டாக மறித்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து, குளத்துக்கும் வயலுக்கும் பாத்தியதை எழுதிவைத்த தண்ணீர். உக்கடம் பெரியகுளமும் அப்படி நிரம்புகிற குளம்தான். உழவனுடைய பங்கில் கைவைத்து ஊருக்குக் குடிநீர் எடுக்க முடியாது. காலரா வரும், போகும். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் பிளேக்கும் சேர்ந்துகொண்டது. இந்த ஊரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் ஒரு சாமி இருக்கிறாள் என்றால், வேறு எந்த ஆவணமும் தேவையில்லை.

1889-ல் நாயுடு கூட்டாளிகளோடு மேற்கு மலைக்குப் போனார். முத்திக்குளம் அருவியும் சிறுவாணி ஆறும் இருக்கிற காடு. அட்டை, யானை, காட்டுக்காய்ச்சல் எல்லாம் உள்ள இடம், ரோடு கிடையாது. அந்தத் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்பது அவர் யோசனை. இப்போது சிறுவாணி என்றால் நமக்குக் குழாயைத் திறந்தால் வருகிற சமாச்சாரம், அதனால் இந்த யோசனையின் துணிச்சல் தெரியாது. சிறுவாணி ஆறு அட்டப்பாடிப் பக்கம் ஓடிப் பவானியில் போய்க் கலக்கிற ஆறு. மலை முகட்டுக்கு அந்தப்புறம் அதன் பாதை, இந்தப்புறம் நாம். இயற்கை விட்ட வழியில் விட்டால் கோவைப் பக்கம் சொட்டுக்கூட வராது. மலையைக் குடைந்துதான் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டால் ஒரு வசதி: அதற்கப்புறம் மோட்டாரும் வேண்டாம், எஞ்சினும் வேண்டாம், சரிவிலேயே ஊர் வரைக்கும் இறங்கி வந்துவிடும். மின்சாரம் இல்லாத காலத்தில் அந்தச் சரிவுதான் எல்லாம். இன்றைக்கும் சிறுவாணித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் புகுந்து அடிவாரத்துக்கு வந்து, அங்கே வடிகட்டி, சரிவில்தான் ஊருக்குள் வருகிறது.

நகரசபைக்கு யோசனை போனது. நடக்கவில்லை. செலவு தாங்காது என்பதுதான் பேச்சு. அந்த நகரசபையைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. வரிப்பணம் சின்னது. பெரிய வேலை எதுவானாலும் சென்னை சர்க்கார் அனுமதி தரணும், கடன் தரணும். கையெழுத்துப் போடுகிற வெள்ளைக்கார அதிகாரிக்குக் கோவையில் எந்தத் தெருவில் பருப்பு வேகவில்லை என்பது எப்படித் தெரியும்?

இதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். பர்மிங்காமில் ஜோசப் சேம்பர்லின் என்று ஒருவர். மரை ஆணி தயாரிக்கும் கம்பெனியில் சம்பாதித்தவர். 1873 முதல் 1876 வரை மேயர். தனியார் கையில் இருந்த எரிவாயு, தண்ணீர் இரண்டையும் நகராட்சிக்கு வாங்கினார். அவர் போட்ட பாதையில் அந்த நகரம் 1892-ல் பார்லிமெண்டில் சட்டம் வாங்கி, வேல்ஸ் மலைகளில் இலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி, 73 மைல் தூரம் சரிவிலேயே தண்ணீரைக் கொண்டுவந்து 1904-ல் திறந்தது. சட்டத்திலிருந்து தண்ணீர் வரை பன்னிரண்டு வருஷம். நம் ஆளும் தொழில்காரர், அவரும் தொழில்காரர். இரண்டு பேர் கண்ணும் மலைத்தண்ணீர் மேல். சொந்தமாகக் கடன் வாங்கவும் பார்லிமெண்டில் சட்டம் கேட்டு வாங்கவும் அதிகாரம் இருந்த ஊருக்குப் பன்னிரண்டு வருஷத்தில் கிடைத்தது, அதிகாரம் இல்லாத ஊருக்கு நாற்பது வருஷம் ஆனது. உள்ளாட்சிக்கு நிதி கொடுங்க, அதிகாரம் கொடுங்க என்று நீங்கள் சென்னையைப் பார்த்துக் கேட்கும்போது இந்தக் கணக்கைத் தாராளமாக எடுத்துச் சொல்லலாம்.

நாற்பது வருஷம் கழித்து அந்த வேலையை முடித்தவர் நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார். ஆர்.எஸ். புரத்தின் ஆர்.எஸ். அவர்தான். இருபதுகளின் பிற்பாதியில் வேலை நடந்து ஊருக்குச் சிறுவாணி வந்தது. நாயுடு அதைப் பார்க்கவில்லை, 1922-லேயே காலமாகிவிட்டார். இப்போதிருக்கும் பெரிய அணை அதற்கும் அப்புறம், 1973-ல் கேரளத்தோடு ஒப்பந்தம் போட்டு, எண்பதுகளில் கட்டி முடித்தது. யோசனை ஒருவருடையது, காரியம் இன்னொருவருடையது, அணை மூன்றாவது தலைமுறையுடையது. கல்வெட்டு எப்போதும் திறந்து வைத்தவர் பேரில்தான் இருக்கும். அதற்காக முதலியார் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. பணம் புரட்டி, அனுமதி வாங்கி, மலையைக் குடைந்து முடிப்பது யோசனை சொல்வதைவிடக் கஷ்டமான வேலை என்பது என் கருத்து.

நாயுடுவைத் தூக்கி வைத்து மட்டும் பேசினால் அது நோட்டீஸ் ஆகிவிடும். ஆகவே மறுபக்கம்.

காங்கிரஸுக்குப் போய் வந்தவர்தான் ராணி பெயரில் மண்டபமும் எழுப்பினார். அன்றைக்கு அது முரணாகப் படவில்லை. ராணியிடம் மனுக் கொடுத்தால் நியாயம் கிடைக்கும் என்று நம்பிய தலைமுறை. தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-ல் கப்பல் கம்பெனி தொடங்கி, 1908-ல் சிறைக்குப் போய், இதே கோவைச் சிறையில் செக்கு இழுத்தார். வ.உ.சி.யும் தொழிலும் அரசியலும் சேர்ந்த மனிதர். அந்தச் செக்குக்கு முன்னால் நாயுடுவின் அரசியல் மிதவாதமாகத்தான் தெரியும்.

இன்னொன்று எங்கள் பக்கத்து விஷயம். அந்த நகரசபைக்கு வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. பெண்களுக்கு இல்லை. கோட்டைமேட்டில் குடக்கூலிக்கு இருந்தவனுக்கு இல்லை. தோல் பதனிட்டவனுக்கு இல்லை, குளத்தில் மீன் பிடித்தவனுக்கு இல்லை, ராத்திரியில் ஊர்க் கழிவை வாளியில் அள்ளித் தலையில் சுமந்தவனுக்கு நிச்சயமாக இல்லை. நல்ல தண்ணீர் யாருக்கு அவசரமாகத் தேவையோ அவர்களுக்குச் சபையில் குரல் கிடையாது. சொத்துள்ள சிலர் கூடி ஊருக்கு நல்லது நினைத்தார்கள் என்பதுதான் உண்மை. நினைத்தார்கள் என்பதற்கு நன்றி. அவர்கள் நினைக்காமல் விட்டதற்கு உக்கடம் சாட்சி.

மில்லுக்கும் தண்ணீர் வேணும், மில்லில் வேலை செய்கிறவர்கள் காலரா இல்லாமல் இருக்கணும். ஆகவே சிறுவாணி வந்தால் நாயுடுவுக்கும் லாபம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். லாபம் இருந்தால் என்ன, ஊர் லாபமும் அதே வழியில் வந்தது என்பேன். வியாபாரி பொதுவாழ்க்கைக்கு வருவதில் எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: என்ன கேட்கிறாய், எதற்குக் கேட்கிறாய் என்பதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவை. நாயுடு எழுத்துக்காரர். நகரசபை உறுப்பினர், மில் பங்காளி, பத்திரிகை ஆசிரியர் என்ற மூன்று தொப்பியும் ஊர் பார்க்கத் தலையில் இருந்தது. தோற்றுப்போன யோசனை நாற்பது வருஷம் உயிரோடு கிடந்ததற்குக் காரணம் அது யாருடைய சட்டைப் பையிலும் இல்லாமல் ஊர் பேச்சில் இருந்ததுதான்.

இப்போது நீங்கள். நாயுடு காலத்துச் சபையோடு ஒப்பிட்டால் உங்கள் சபை எவ்வளவோ மேல். நூறு வார்டு, சரிபாதி பெண்கள். தோல் மண்டித் தெருவிலிருந்தும் ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்தும் ஜெயித்து வர முடிகிறது. வரி ரசீது கேட்டு யாரும் ஓட்டுப் போட விடாமல் தடுப்பதில்லை. இவ்வளவும் இருந்தும் மாமன்றக் கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்பது எங்களுக்கு மறுநாள் பேப்பரில் வெளிநடப்புப் படமாகத்தான் தெரிகிறது. எந்த வேலை எவ்வளவுக்கு, யாருக்கு, எந்தக் காரணத்தால் என்பது தீர்மானம் ஆன பிறகுதான் காதுக்கு வருகிறது, அதுவும் அரைகுறையாக.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதானுங்க.

1866-ல் தொடங்கிய நகராட்சியின் பழைய தீர்மானப் புத்தகங்களில் பூச்சி அரிக்காமல் மிஞ்சியது எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வையுங்கள். சிறுவாணி வேண்டாம் என்று சொன்னவர்கள் என்ன காரணம் சொன்னார்கள், வேண்டும் என்றவர்கள் எப்படி வாதாடினார்கள் என்பதைக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டும். பாதாள சாக்கடைக்கும் குப்பைக்கும் இன்றைக்கு நீங்கள் சொல்கிற காரணங்களில் பாதி அங்கேயே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கூட்டத்தின் பொருள் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்னாலேயே தமிழில், தெளிவாக, ஒவ்வொரு வார்டு அலுவலகப் பலகையிலும் ஒட்டுங்கள். ஒட்டுவதற்குக் காகிதச் செலவு பெரிசு என்று யாராவது சொன்னால் முதல் தடவை நான் அடித்துத் தருகிறேன், பில் போடமாட்டேன்.

உங்கள் சொந்தத் தொழில் சம்பந்தப்பட்ட பொருள் வந்தால் எழுந்து நின்று ‘இதில் எனக்குச் சம்பந்தம் உண்டு’ என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். சொன்னால் மரியாதை குறையாது. மறைத்து, பிறகு தெரிந்தால்தான் குறையும்.

மண்டபத்துக்கு யார் பெயர் வைப்பது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ராணி பெயரே இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே நுழைகிற இடத்தில் இந்த மண்டபத்தை எழுப்பியது யார், அவர் சிறுவாணிக்காக என்ன செய்தார் என்று நாலு வரி எழுதிவைத்தால் போதும். கூட்டம் பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகள் நின்று படிப்பார்கள்.

கடைசியாக, எங்கள் உக்கடத்துக்காக ஒன்று. மலையிலிருந்து நல்ல தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்றால், பயன்படுத்திய தண்ணீர் எங்கேயாவது வெளியே போகத்தானே வேணும். அது எங்களிடம் வருகிறது. உக்கடத்தில் இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளைக்கு 7 கோடி லிட்டர். மேம்பாலம் 2024-ல் திறந்தது, நெரிசல் குறைந்தது, மறுக்கவில்லை. பெரியகுளத்தின் கரையில் நடைபாதை போட்டீர்கள், மாலையில் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிறார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் குளத்துக்குள் வருகிற தண்ணீர் என்ன தண்ணீர் என்பதைக் கரையில் நடக்கிறவர்களின் மூக்கு சொல்லிவிடும். பெரியகுளம் நிரம்பினால் வாலாங்குளத்துக்குப் போகும், அங்கிருந்து நொய்யல், நொய்யலிலிருந்து கீழே எத்தனையோ ஊர். நாயுடு தலைமுறை ஊருக்குள் தண்ணீர் வரும் வழியை யோசித்தது. அது வெளியே போகும் வழியை யோசிக்க வேண்டிய முறை உங்களுடையது. ஒரு வருஷத்தில் முடிகிற வேலை இல்லை, உங்கள் ஐந்து வருஷத்திலும் முடியாது. தெரிந்துதான் கேட்கிறேன்.

சுத்திகரித்த தண்ணீரை மில்களுக்கும் பட்டறைகளுக்கும் கொடுப்பதா, பாசனத்துக்கு விடுவதா, குளங்களில் கலக்கும் சாக்கடை வாய்களை எந்த வரிசையில் அடைப்பது, அதற்கு எவ்வளவு ஆகும், யார் தருவது என்று இருபது வருஷத் திட்டம் ஒன்றை எழுத்தில் போட்டு, அடுத்த மாமன்றக் கூட்டத்தில் ஒரு தனிப் பொருளாக வையுங்கள். நிறைவேறாவிட்டாலும் பரவாயில்லை, பதிவில் ஏற்றுங்கள். கூட்டம் நடக்கும் தேதியை முன்கூட்டிச் சொன்னால் உக்கடத்திலிருந்து நாங்கள் பார்வையாளர் இருக்கைக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
உக்கடத்து அச்சகக்காரன் ஒருவன்